எட்டாகப் பிரித்த புயல் புத்தகம்

நூலகப் புத்தகத்தைச் சவர அலகால் பிரித்த நூலக உதவியாளரை நீங்கள் கண்டிருக்க மாட்டீர்கள். நான் கண்டேன். அதற்காக அவரோடு சண்டையும் பிடித்தேன். பெயர் மெற்றில்டா. அவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்டபோது, "உங்கட பிழையளையும் சேத்து எழுதுவியளெண்டா எழுதுங்கோ சேர்" என்றார். சேர்த்தே எழுதுகிறேன்.

மன்னாரில், சிலாவத்துறைக்கு வடக்கே கரையோரத்தில் எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது. போர் முடிந்து நாலாம் வருடம். ஊர் மூன்று பக்கத்திலிருந்து திரும்பி வந்திருந்தது. வன்னி முகாமிலிருந்து சிலர், புத்தளத்திலிருந்து சிலர், தமிழ்நாட்டு அகதி முகாம்களிலிருந்து சிலர். நான் எந்தப் பக்கமும் சேராதவன், கடலுக்குத் தூரமான வயல் கிராமத்திலிருந்து விஞ்ஞானம் படிப்பிக்க வந்தவன். வானத்தைப் பார்த்து மழை வருமா என்று கேட்டு வளர்ந்தவனுக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரியாது என்று ஒப்புக்கொள்கிற குணமும் அப்போது இல்லை.

மெற்றில்டா தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் ஒருவர். பதினேழு வயதில் வள்ளத்தில் போனவர், மண்டபம் முகாமில் இருபத்தொரு வருடம் இருந்து, அங்கே பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தி, முப்பத்தெட்டு வயதில் திரும்பினார். ஊர் நூலகத்துக்கு ஆள் தேடியபோது அவர்தான் அகப்பட்டார். நூலகம் என்றால் ஒரே அறை. முன்பு மீனவர் சங்கத்துக் களஞ்சியமாக இருந்த கட்டடம். நாலு அலுமாரி, ஆறு கதிரை. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் முதலில் கருவாடு மணக்கும், பிறகுதான் அச்சு தெரியும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. காற்று, மழை, இடி என்று எதைப் பற்றியாவது புத்தகம் கேட்டு ஒரு பிள்ளை வந்தால் அவர் உடனே அலுமாரிப் பக்கம் போகமாட்டார். பிள்ளையைக் கதிரையில் இருத்தி, தானும் எதிரே இருந்து, "பாடத்துக்கோ, பயத்துக்கோ?" என்று கேட்பார். பாடத்துக்கு என்றால் ஒரு புத்தகம், பயத்துக்கு என்றால் வேறு புத்தகம். எனக்கு இது வீண் வேலையாகப் பட்டது. புத்தகம் கேட்டால் புத்தகத்தைக் கொடுக்க வேண்டியதுதானே.

ஆனால் பிரணவன் வந்த நாளில் நானும் அங்கே இருந்தேன். வன்னியிலிருந்து வந்த குடும்பம், ஆறாம் வகுப்பு. இடி இடித்தால் வகுப்பில் மேசைக்குக் கீழே போய்விடுவான். அவன் கதிரையில் இருந்து "பயத்துக்கு" என்றான். மெற்றில்டா மின்னலைப் பற்றிய ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்தார். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணிப் பார்த்தால் அது எவ்வளவு தூரத்தில் என்று கணக்கிடலாம் என்று அதில் படத்தோடு போட்டிருந்தது. அவன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "இது எனக்குத் தெரியும் அன்ரி. ஷெல்லுக்கும் இப்பிடித்தான் எண்ணுறனாங்கள்" என்றான். மெற்றில்டா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு அவன் தலையைத் தடவினார். அன்றிலிருந்து அந்தக் கேள்வியை வீண் என்று நான் சொல்வதில்லை.

இனி என் பிழை. மூன்றாம் தவணையில் எட்டாம் வகுப்புக்குச் சூறாவளியைப் பற்றி ஒப்படை கொடுத்தேன். முப்பத்துநாலு பிள்ளைகள், இரண்டு கிழமை அவகாசம், "நூலகத்தில் தேடி எழுதுக" என்று பெரிய மனிதன்போலக் கரும்பலகையில் எழுதினேன். அந்த நூலகத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. காற்று, மழை பற்றி இருந்தவை ஏழு. நாலு ஆங்கிலம், ஒன்று சிங்களம், ஒன்று பிரணவனின் மின்னல் புத்தகம். மிச்சம் ஒன்றுதான் பிள்ளைகள் வாசிக்கக்கூடியது. தமிழ்நாட்டில் அச்சான, புயல்களைப் பற்றிய நல்ல தடித்த புத்தகம். ஆழம் தெரியாமல் காலை விட்டது நான், தத்தளித்தது மெற்றில்டா.

முதல் நாளே முப்பத்துநாலு பேரும் போய்விட்டார்கள். ஒரு புத்தகத்தை ஏழெட்டுப் பேர் இழுக்க, அட்டை கழன்று வந்தது. மறுநாள் நான் போனபோது மெற்றில்டா சவர அலகால் தையலை அறுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அநியாயம் செய்யிறியள்?" என்று கத்தினேன்.

"ஒரு புத்தகத்தை ஒரு பிள்ளைதான் வாசிக்கும் சேர். எட்டாக்கினா எட்டுப் பிள்ளை வாசிக்கும். ஒப்படை முடியத் திருப்பித் தைப்பன்."

"இது பொதுச் சொத்து!"

"ஓம். அதுதான் பொதுவில பிரிக்கிறன்" என்றார், தலை நிமிராமல்.

எட்டுக் கட்டுக்கும் பிஸ்கட் பெட்டி அட்டையில் உறை போட்டு எண் எழுதினார். பிள்ளைகள் மாறி மாறி எடுத்தார்கள். அறை நிறைந்திருந்தது. கோபம் இருந்தாலும் அந்தக் காட்சி நன்றாகத்தான் இருந்தது.

ஒப்படைகள் வந்தன. இருபதுக்கு மேற்பட்டவர்கள் ஒரே வசனத்தை எழுதியிருந்தார்கள். "புயல் வரும் முன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும். ஒன்று முதல் பதினொன்று வரை எண்கள் உண்டு. மீனவர்கள் அதைப் பார்த்துக் கடலுக்குச் செல்வர்." எங்கள் கரையில் துறைமுகமும் இல்லை, கூண்டும் இல்லை. சிவப்புப் பேனையால் கோடு கிழித்துத் தள்ளிவிட்டு வகுப்பில் கேட்டேன்.

"உந்தக் கூண்டை ஆர் கண்டது?"

ஜெயந்தினி எழுந்து நின்றாள். மண்டபம் முகாமில் பிறந்து வளர்ந்து, இரண்டு வருடத்துக்கு முன் தகப்பனோடு வந்தவள். "நான் பாத்திருக்கேன் சார். பாம்பன்ல இருக்கு. அப்பா அதைப் பாத்துட்டுத்தான் போட்டுக்குப் போவாரு."

அவள் "சார்" என்றதற்கே பாதி வகுப்பு சிரித்தது. நான் அதை அடக்கியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக, "இஞ்ச கூண்டு வேணுமெண்டா கோழிக்கூண்டுதான் இருக்கு" என்றேன். மிச்சப் பாதியும் சிரித்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

அவள் உட்காரவில்லை. "அப்ப இங்க எதைப் பாத்துப் போறது சார்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. "இரு" என்றேன்.

அந்தக் கேள்வியை அவள் நூலகத்துக்குக் கொண்டுபோனாள். பாடத்துக்கோ பயத்துக்கோ என்று மெற்றில்டா கேட்டதற்கு, "ரெண்டுக்கும்" என்றாளாம். அவளின் தகப்பன் நீக்கிலாஸ் வாசிக்கத் தெரியாதவர். பாம்பனில் கூலிக்குப் படகு ஏறிய காலத்தில் கூண்டு எண் இத்தனை என்று யாராவது சொல்வார்கள், அதற்கேற்ப ஏறுவார் அல்லது வீட்டுக்குத் திரும்புவார். இங்கே ஒரு பழைய வள்ளமும் எஞ்சினும் கிடைத்து, தானே முதலாளியாகக் கடலுக்குப் போனார். வானொலி, மன்னாரிலிருந்து புத்தளம் ஊடாகக் கொழும்பு வரையான கடற்பரப்பு என்று பாதி நாட்டை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடும். அதில் தன் கரை எங்கே என்று அவருக்குப் பிடிபடவில்லை. தாய் இல்லாத பிள்ளை ஜெயந்தினி. தகப்பன் கடலில் என்றால் அவளுக்குப் பாடம் ஏறாது.

மெற்றில்டாவை அந்தக் கேள்வி ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டது என்று பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. பதினேழு வயதில் அவர்கள் போன வள்ளம் இருபத்துமூன்று பேரை நடுக்கடல் மணல் திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது. காற்று எழும்பியது. தண்ணீர் முழங்கால்வரை ஏறியது. இது கூடுமா குறையுமா என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. ஒரு பகல் முழுக்க நின்றவர்களை ஒரு இந்திய மீன்பிடிப் படகு ஏற்றிப்போனது. அந்தக் குளிரில் வந்த காய்ச்சலில் அவரின் தாயார் மூன்றாம் நாள் மண்டபத்தில் இறந்துபோனார். "காத்து அடிச்சதைவிட, ஒருத்தரும் ஒண்டும் சொல்லாமல் நிண்டதுதான் சேர் பயம்" என்றார்.

நூலக வாசலில், புதிதாக வந்த புத்தகங்களின் பெயர் எழுத ஒரு கரும்பலகை இருந்தது. புதுப் புத்தகம் வந்தால்தானே எழுதுவதற்கு. மெற்றில்டாவின் மச்சாள் மதலேனா இன்னும் மண்டபம் முகாமில்தான் இருந்தாள், பாம்பனில் ஒரு கடையில் வேலை. தினமும் காலை ஏழு மணிக்கு அவள் தொலைபேசியில் சொல்ல, மெற்றில்டா பலகையில் எழுதினார்: "பாம்பன்: கூண்டு இல்லை."

முதலில் கரையில் எல்லோரும் நக்கலடித்தார்கள். பிறகு போகிற வழியில் ஒரு கண் பார்த்தார்கள். நீக்கிலாஸ் எஞ்சினைத் தோளில் சுமந்தபடி பலகைக்கு முன்னால் நிற்பார். பள்ளிக்கூடச் சீருடையில் ஜெயந்தினி வாசித்துக் காட்டுவாள். அவள் முகம் தெளிந்தது. வகுப்பில் கையுயர்த்தத் தொடங்கினாள்.

"பாம்பன் வேற, இது வேற" என்று நான் மெற்றில்டாவிடம் சொன்னேன்.

"கடல் ஒண்டுதானே சேர்."

அந்தக் கூண்டு தூரத்தில் உருவாகி வரும் பெரிய புயலுக்குத்தான், பருவம் மாறும் நாட்களில் தரைப்பக்கத்திலிருந்து அரை மணித்தியாலத்தில் திரண்டு வரும் காற்றுக்கு அல்ல என்று அப்போது நான் விளக்கியிருக்க வேண்டும். விஞ்ஞான ஆசிரியன் நான். பாம்பன் வேறு என்று வீம்புக்குச் சொன்னேனே தவிர, ஏன் வேறு என்று யோசிக்கவில்லை.

கார்த்திகை மாதத்து ஒரு வியாழக்கிழமை. காலை ஏழரைக்கு நான் சைக்கிளில் நூலகத்தைக் கடந்தபோது ஜெயந்தினி சத்தமாக வாசித்தாள், "பாம்பன், கூண்டு இல்லை. போயிட்டு வாங்கப்பா." நீக்கிலாஸ் தலையாட்டிவிட்டுக் கரைப்பக்கம் இறங்கினார். பதினொரு மணிக்குக் கிழக்கே தரைப்பக்கம் கறுத்தது. நான் கரும்பலகையில் படம் ஒன்று கீறி முடிப்பதற்குள் காற்று வந்துவிட்டது. புதிய வீடுகளின் தகரங்கள் கழன்று பறந்தன. தரையிலிருந்து கடலுக்கு அடித்த காற்று. கரையில் நின்ற வள்ளங்களையே அது இழுத்துக்கொண்டு போனது.

இரண்டு மணிக்குள் கடலுக்குப் போன வள்ளங்கள் எல்லாம் திரும்பிவிட்டன, ஒன்றைத் தவிர. நீக்கிலாஸும் கூடப்போன வின்சன்ட்டும் வரவில்லை. கடற்படைக்கு அறிவித்தார்கள். கோயில் மணி அடித்து ஆட்கள் கூடிச் செபமாலை சொன்னார்கள். நான் ஜெயந்தினியைத் தேடினேன். அவள் நூலக வாசலில், நனைந்த சீருடையோடு அந்தப் பலகைக்கு முன்னால் நின்றாள். மழை கழுவியும் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. மெற்றில்டா பக்கத்தில் நின்றார்.

"நான்தானே வாசிச்சுக் காட்டுனேன்" என்றாள் ஜெயந்தினி.

"எழுதினது நான் பிள்ளை" என்றார் மெற்றில்டா.

ஒப்படை கொடுத்தது நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குச் சிலாவத்துறையிலிருந்து அழைப்பு வந்தது. முஹைதீன் என்பவர் தன் படகில் போன இடத்தில், கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்தபடி மிதந்த இரண்டு பேரையும் தூக்கி, வள்ளத்தையும் கட்டி இழுத்து வந்திருக்கிறார். எஞ்சின் கடலோடு போய்விட்டது, ஆட்கள் உயிரோடு. முஹைதீனே தன் லொறியில் கொண்டுவந்து இறக்கினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்று ஊர் மூச்சு விட்டது. வின்சன்ட்டைச் சுற்றி ஆட்கள் கூடி அழுதார்கள். நான் நீக்கிலாஸின் கையைப் பிடித்தேன். அழுதேன் என்றுதான் சொல்லவேண்டும்.

மகள் தூரத்தில் நின்றதை அவர் கண்டார். அவள் தன்னையே குற்றம் சொன்னதை யாரோ அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். கிட்டப் போய், உப்பு வெடித்த உதட்டோடு சொன்னார்: "நேத்து நீ வாசிச்சது எனக்குக் கேக்கவே இல்லைப் பிள்ளை. எஞ்சின் சத்தம்."

"எஞ்சின் அப்ப உங்க தோள்லதானப்பா இருந்துச்சு" என்றாள் ஜெயந்தினி.

அந்தப் பொய்யை அவர் சிலாவத்துறையிலிருந்து வழி நெடுகத் தயாரித்துக்கொண்டு வந்திருப்பார். ஒரு வசனத்தில் உடைந்துபோனது.

அதன்பிறகு அவள் நூலகத்துக்கு வரவில்லை. பலகையை வாசிக்கவில்லை. வகுப்பில் பாடத்தை வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள், வாய் திறக்காது. நான் அதட்டவில்லை. அதட்டுகிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பலகையால்தான் வந்த வினை என்று சிலர் பேசினார்கள். மெற்றில்டா பலகையைத் துடைத்துவிட்டு ஒரு கிழமை அலுமாரிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு ஒருநாள் பின்னேரம் எட்டுக் கட்டையும் பையில் போட்டுக்கொண்டு, "வாங்கோ சேர்" என்று என்னையும் நீக்கிலாஸ் வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

வீட்டு முற்றத்தில் பாயை விரித்து முதல் கட்டைப் பிரித்து ஜெயந்தினியின் முன் வைத்தார். முன்னுரையின் கடைசிப் பந்தி. இந்தக் கூண்டுகள் இந்தியத் துறைமுகங்களில் ஏற்றப்படுபவை, பெரும் புயல்களுக்கு மட்டுமே பொருந்துபவை, உள்ளூரில் திடீரென எழும் காற்றை இவை அறிவிக்கமாட்டா என்று தெளிவாக எழுதியிருந்தது. ஜெயந்தினி வாய்க்குள் வாசித்தாள். நானும் அப்போதுதான் முதல்தடவையாக வாசித்தேன்.

"உனக்கு வந்தது அஞ்சாம் கட்டு" என்றார் மெற்றில்டா. "இது முதலாம் கட்டில இருந்தது. மின்னல் படம் இருக்கெண்டு பிரணவன் கொண்டு போயிட்டான், உங்கட வகுப்பில ஒருத்தரும் வாசிக்கேல்ல. முழுப் புத்தகமா இருந்திருந்தா இதைத் தாண்டித்தான் கூண்டுக்குப் போயிருப்பாய். பிரிச்சது நான். வாசிக்காமல் பலகையில எழுதினதும் நான். பிழை என்னில பிள்ளை. மன்னிச்சுக்கொள்."

பெரிய ஆள் ஒருத்தி சின்னப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டதை நீக்கிலாஸ் அதிசயமாகப் பார்த்தார். "விடுங்கோ அக்கா" என்றார். மெற்றில்டா விடவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயந்தினி கட்டை மூடிவிட்டுக் கேட்டாள். "அப்ப இங்க எதைப் பாத்துப் போறது?"

"எனக்குத் தெரியாது" என்றார் மெற்றில்டா. "சேருக்கும் தெரியாது. தெரிஞ்சவை சொல்லுறதை எழுதி வைச்சுப் பாப்பம். எது சரி வருது, எது பிழைக்குது எண்டு."

நீக்கிலாஸ் உள்ளே போய் வலை முடியும் தங்கூசி நூலையும் ஊசியையும் கொண்டுவந்தார். எட்டுக் கட்டையும் அடுக்கித் தைத்தார்கள். பின்னால் வெற்றுத் தாள்களால் ஒன்பதாவது கட்டு ஒன்றும் சேர்ந்தது. அடுத்த ஒப்படை அதுதான். காற்று வருமுன் என்ன காண்கிறீர்கள் என்று பிள்ளைகள் கரையில் கேட்டு, திகதியும் சொன்னவர் பெயரும் போட்டு எழுதவேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் மறுத்தார். கடற்காகம் தரைக்கு வரும் என்றார் ஒருவர், அது தினமும்தான் வருகிறது என்றார் அடுத்தவர். வின்சன்ட் தன் முழங்கால் உளையும் என்றார். மெற்றில்டா முழங்காலையும் விடாமல் எழுதுவித்தார்.

ஜெயந்தினி எழுதினாள், வாசிக்கமட்டும் மாட்டேன் என்றிருந்தாள்.

மார்கழியில் யாரோ ஒரு பழைய எஞ்சினை இரவலாகக் கொடுக்க, நீக்கிலாஸ் மறுபடி கடலுக்குப் போகத் தயாரானார். அன்று காலை பலகையில் மெற்றில்டா இரண்டு வரி எழுதியிருந்தார். "பாம்பன்: கூண்டு இல்லை. இது பாம்பனுக்கு." நீக்கிலாஸ் எஞ்சினோடு வந்து நின்றார். பின்னால் வின்சன்ட்டும் இன்னும் நாலு பேரும், ஓரமாக நானும். ஜெயந்தினி தலைகுனிந்து கடந்துபோகப் பார்த்தாள்.

"என்ன எழுதிக் கிடக்குப் பிள்ளை?" என்று நீக்கிலாஸ் கேட்டார்.

அவள் நின்றாள். மெல்லிய குரலில் இரண்டு வரியையும் வாசித்தாள். பிறகு கிழக்கே திரும்பிப் பார்த்தாள்.

"அங்க கறுப்பா இருக்குப்பா. இன்னைக்குப் போகாதீங்க."

"உது சும்மா மழை முகில் பிள்ளை, ஒண்டும் செய்யாது" என்றார் வின்சன்ட். என் கண்ணுக்கும் அது வெறும் மழை முகில்தான்.

நீக்கிலாஸ் முகிலைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார். எஞ்சினை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பி நடந்தார்.

அன்று காற்றே வரவில்லை. போனவர்கள் கூடை நிறையச் சூடை மீனோடு வந்து நீக்கிலாஸைப் பார்த்துச் சிரித்தார்கள். ஜெயந்தினி நேரே நூலகத்துக்குப் போனாள். மெற்றில்டா ஒன்றும் கேட்காமல் பேனையைக் கொடுத்தார். ஒன்பதாவது கட்டில் அவள் எழுதியது இன்னும் இருக்கிறது. திகதி போட்டு, "கிழக்கே கறுத்தது. காற்று வரவில்லை. ஜெயந்தினி சொன்னது பிழை."

மறுநாள் காலை ஏழரைக்கு நீக்கிலாஸ் எஞ்சினோடு அதே இடத்தில் வந்து நின்று, என்ன எழுதிக் கிடக்கு என்று மறுபடியும் அவளைத்தான் கேட்டார்.